ஒரு அகப்பை வெந்நீர்

மாதத்துக்கு ஒருமுறை கூடி ஏதாவது ஒரு கதையைப் பற்றிப் பேசுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. நாலைந்து பேர்தான். சென்ற கூட்டத்துக்கு செகாவின் ‘பள்ளத்தாக்கில்’. பேச்சு சூடுபிடித்த நேரத்தில் ஒருவர் கேட்டார்: “அக்ஸீன்யா ஏன் அப்படிப் பண்ணினா? அதைச் செகாவ் சொல்லவே இல்லையே?” இன்னொருவரிடம் பதில் தயாராக இருந்தது. புருஷன் காது கேளாத நோஞ்சான், அவளுக்கோ பிள்ளை இல்லை, ஓரகத்தி மடியில் குழந்தை. அந்த ஏக்கம்தான் வெறியாக மாறியது என்றார். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வந்து கதையை மறுபடியும் எடுத்துப் படித்தபோது கூச்சமாக இருந்தது. அவள் அந்தக் குழந்தையை ஏக்கத்தோடு பார்க்கிற ஒரு காட்சிகூட அதில் எனக்கு அகப்படவில்லை. நாங்களே சேர்த்துக்கொண்டது அது.

ஏன் சேர்த்துக்கொள்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

கதை 1900இல் வந்தது. உக்லேயெவோ என்றொரு கிராமம். தோல் பதனிடும் ஆலையின் கழிவு ஆற்றைக் கெடுத்திருக்கிறது. ஊரின் பெரிய கடைக்காரர் கிரிகோரி சிபூகின், மளிகைக் கடைப் பலகைக்குப் பின்னால் கள்ளச் சாராயம், கெட்டுப்போன இறைச்சி என்று எல்லாம் விற்பவர். மூத்த மகன் அனீசிம் போலீஸ் வேலையில் இருந்துகொண்டே கள்ளநாணயக் கும்பலில் சேர்கிறான். இளையவன் ஸ்தெபானின் மனைவி அக்ஸீன்யா. விடிவதற்குள் எழுந்துவிடுவாள், சாவிக்கொத்து குலுங்க ஓடிக்கொண்டே இருப்பாள், வியாபாரம் அவள் கையில் பெருகும். மாமனாருக்கு அவளைக் கண்டால் பெருமை தாங்காது. அனீசிமுக்குக் கட்டிவைத்த லீபாவோ கூலிக்காரியின் மகள். அந்த வீட்டில் அவளுக்குப் பயம்.

அனீசிம் பிடிபட்டு சைபீரியாவுக்குப் போகிறான். கிழவர் புத்யோகினோ என்கிற நிலத்தைப் பேரக்குழந்தை நிகிஃபோர் பேருக்கு எழுதிவைக்கிறார். அந்த நிலத்தில்தான் அக்ஸீன்யா செங்கல் சூளை போட்டிருக்கிறாள். செய்தி தெரிந்ததும் முற்றத்தில் நின்று ஊர் கேட்கக் கத்துகிறாள், சாவிகளை வீசுகிறாள், கொடியில் காய்ந்த துணிகளை இழுத்துப் போடுகிறாள். பிறகு சமையற்கட்டுக்குள் போகிறாள். லீபா தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள், குழந்தை பக்கத்தில் பெஞ்சில். வெந்நீர் அகப்பையை எடுத்துக் குழந்தைமேல் ஊற்றுகிறாள். அவ்வளவுதான். செகாவ் அந்த நேரத்தில் அவள் மனசுக்குள் நுழைவதே இல்லை. ஒரு அலறல் கேட்டது என்கிறார், முற்றம் அமைதியானது என்கிறார். குழந்தை அன்று மாலையே ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறது.

தஸ்தயேவ்ஸ்கி என்றால் இந்த இடத்தில் முப்பது பக்கம் கிடைத்திருக்கும். நான் கேலியாகச் சொல்லவில்லை, அந்த முப்பது பக்கங்களை நான் ராத்திரி முழுக்க விழித்திருந்து படித்தவன். ‘பேய்கள்’ நாவலில் ஸ்தாவ்ரோகின் தன் குற்றத்தை எழுதி எடுத்துக்கொண்டு தீகோனிடம் வரும் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சிறுமியைச் சிதைத்து, அவள் சாகும்வரை சும்மா உட்கார்ந்திருந்தவனின் வாக்குமூலம். அன்றைய பத்திரிகை ஆசிரியர் போட மறுத்து, 1922இல்தான் அது அச்சாகியது. தீமையின் உள்ளே இவ்வளவு தூரம் போனவர்கள் குறைவு. ஆனால் அப்படிப் போவதற்கு ஒரு விலை உண்டு. ஸ்தாவ்ரோகின் நம் கண்ணில் பெரிய ஆளாகிவிடுகிறான். பாவத்தில்கூட அவனுக்கு ஓர் உயரம் வந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் துறவி தீகோனுக்கு இந்த ஆபத்து தெரிகிறது என்பது தஸ்தயேவ்ஸ்கியின் மேதைமை. இருந்தாலும் படித்து முடிக்கிற வாசகன் நினைவில் நிற்பது ஸ்தாவ்ரோகின்தான். அந்தச் சிறுமியின் பெயரைக் கேட்டால் பலர் யோசிப்போம்.

அக்ஸீன்யாவுக்கு அந்த உயரம் கிடைக்கவில்லை. அவளுக்கு ஆறாத காயம் இல்லை, தத்துவமும் இல்லை. நிலம் போகிறது, அவ்வளவுதான். அதனால்தான் எங்கள் கூட்டத்தில் காயத்தை நாங்களாக உண்டாக்கிக் கொடுத்தோம் என்று தோன்றுகிறது. காயம் இருந்தால் அவள் வேறு ஜாதி மனுஷி, நமக்குத்தான் அந்தக் குறை இல்லையே என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம்.

தமிழில் இதே பிரச்சினை ஒரு முக்கியமான நாவலில் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதைப் பின்னணியாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நாவலின் நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அடியில் ஆண்மைக் குறைவு என்ற ரகசியம் வைக்கப்பட்டிருக்கிறது. இடதுசாரிகள் அன்றே இதைக் கடுமையாகக் கேட்டார்கள்: கூலிப் போராட்டத்தைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டீர்களே என்று. அந்தச் சம்பவத்தைத் துணிந்து நாவலாக்கியதே பெரிய காரியம் என்பதால் அந்தத் தாக்குதலில் கொஞ்சம் அநியாயமும் உண்டு. ஆனாலும் கேள்வி சரியான கேள்விதான். ஒரு மனிதனுக்குள் அப்படி ஒரு குறை இருக்கலாம், நாவலாசிரியர் அதை எழுதவும் செய்யலாம். ஆனால் குடிசையைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரா? அத்தனை பேருக்கும் என்ன குறை? கூலி நெல்லில் சற்று கூடுதலாகக் கேட்டதும், சங்கம் வைத்ததும்தான் அவர்களைக் கூட்டியது. அந்தத் தீமைக்கு நாயுடுவின் ரகசியம் தேவைப்படவில்லை. உயர்நீதிமன்றத்தில் நிலக்கிழார்கள் விடுதலையானபோது, வசதியான மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ஐயமும் தீர்ப்பில் இடம்பெற்றது. அங்கேயும் ஆட்களின் குணத்தை வைத்துத்தான் கணக்கு.

செகாவ் குணத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்க்கிறார். அக்ஸீன்யா முற்றத்தில் கத்தும்போதே எல்லோருக்கும் தெரிகிறது, ஒருவரும் எழுந்து வருவதில்லை. குழந்தை இறந்தபின் யாரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை. கிழவர் லீபாவைப் பார்த்து, பேரனை நீ பார்த்துக்கொள்ளவில்லையே என்கிறார். தானதர்மம் செய்கிற வர்வாராவும் அதையேதான் சொல்கிறாள். இந்த இடம் எனக்கு அகப்பையைவிடப் பயங்கரம். சாவு விருந்தில் விருந்தாளிகள் வெகுநாள் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி சாப்பிடுகிறார்கள். லீபாதான் பரிமாறுகிறாள். உப்புக் காளானைக் குத்திய முள்கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி பாதிரியார் அவளுக்கு ஆறுதல் சொல்கிறார். அவர் கெட்டவரா? நல்லவர்தான், பசி.

இன்னொன்று. மகன் கொண்டுவந்த கள்ள ரூபிள்களைக் கிணற்றில் போடச் சொல்கிறார் கிழவர். அக்ஸீன்யா அதைப் புல் அறுத்தவர்களுக்குக் கூலியாகக் கொடுத்துவிடுகிறாள். குழந்தை விஷயம் வருவதற்கு வெகு முன்பே இது நடந்துவிட்டது. வெந்நீரை ஊற்றிய கை புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கெட்ட காசைக் கூலிக்காரன் கையில் திணிப்பதும் அதே கைதான், அதை அந்த வீடு சாமர்த்தியம் என்று நினைத்தது. உக்லேயெவோ கிராமத்தை ஜனங்கள் எதற்காக நினைவு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஒரு சாவு விருந்தில் கோயில் உதவியாளர் ஒருவர் இருந்த மீன்முட்டை அத்தனையையும் தனியாகத் தின்றுதீர்த்தார் என்பதற்காக. கதையின் தொடக்கத்திலேயே இது வருகிறது. முதல் வாசிப்பில் சிரித்தேன்.

இங்கே என் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். அப்பாவின் அக்கா ஒருத்தி, அவள் பங்கு நிலத்தைச் சித்தப்பா ஒருவர் கையெழுத்து வாங்கித் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. “ரேஷன் கார்டு விஷயம்”னு சொல்லித்தான் வாங்கினார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த நிலத்து நெல்லில் பொங்கின சோற்றை நான் லீவு நாட்களில் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். சித்தப்பா அன்பானவர், ஊருக்குப் போனால் கையில் பணம் திணித்து அனுப்புவார். அத்தை கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருந்தாள். இத்தனை வருஷமும் அவருக்கு ஏதோ கஷ்டம் இருந்திருக்கும் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கதையின் முடிவில் மூன்று வருஷம் கழிந்திருக்கிறது. அக்ஸீன்யா செழிப்பாக இருக்கிறாள், செங்கல் விலை ஏறியிருக்கிறது. ஊர்ப் பெண்கள் நாளுக்குக் கால் ரூபிள் கூலிக்கு ரயில்வண்டியில் செங்கல் ஏற்றுகிறார்கள், லீபாவும் அவள் அம்மாவும் அவர்களில் இருவர். மாமனாருக்கு இப்போது வீட்டில் சோறு போடுவதில்லை என்று ஊரில் பேச்சு. சாயங்காலம் வேலை முடிந்து பாட்டுப் பாடிக்கொண்டு திரும்புகிற கூட்டம் எதிரே அவரைப் பார்க்கிறது. லீபா நின்று வணங்கிவிட்டு, அம்மாவின் மூட்டையிலிருந்து ஒரு துண்டு பணியாரத்தை எடுத்து நீட்டுகிறாள். இதை மன்னிப்பு என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அவள் அவரிடம் அந்த நாளைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை, அவரும் பேசவில்லை. கண்ணில் நீரோடு வாங்கிக்கொண்டு அவர் தின்னத் தொடங்குகிறார். இருட்டிவிட்டது, பெண்கள் நடக்கிறார்கள்.