அடகுக்குப் போன கம்மல்

பாமாவின் ‘கருக்கு’ 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழில் தலித் தன்வரலாற்று இலக்கியத்திற்கு வழிதிறந்த நூல்களுள் ஒன்றென இது மதிக்கப்படுகிறது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டு கிராஸ்வேர்ட் விருது பெற்றது. எனினும் நம் கத்தோலிக்க இல்லங்களில் இந்நூலைப் பற்றி வழங்குவது ஒரே பேச்சுத்தான்: ‘கன்னியர் மடத்தைக் குறை கூறும் நூல்.’ படித்தவர் சிலரும் படியாதவர் பலரும் இவ்வாறே கூறிவிடுகின்றனர். அவர்கள் காணத் தவறிய ஓரிடத்தை இங்கு எடுத்துக்காட்ட விழைகிறேன்.

பள்ளியிறுதித் தேர்வில் தேறிய சிற்றூர்ப் பெண் மேற்படிப்பை விரும்புகிறாள். தந்தை இராணுவத்தில் பணிபுரிபவர். வீட்டில் பணமில்லை, மிகுதியாகப் படித்தால் தம் சமூகத்தில் மாப்பிள்ளை கிடைப்பது அரிதென்னும் அச்சமும் உண்டு. படிப்பு அத்துடன் முடிந்ததென்றே தோன்றுகிறது. அவ்வேளையில், முன்பு அவளுக்குப் பாடம் கற்பித்த அருட்சகோதரி ஒருவர் அந்தக் காரணங்களை ஏற்க மறுத்து முன்வருகிறார். அவள் காதிலிருந்த கம்மல் அடகுக்குப் போகிறது. அப்பணத்தில் கல்லூரியில் சேர்கிறாள்.

இத்தனையையும் ஆசிரியர் மிகச் சுருக்கமாகவே சொல்லிக் கடந்துவிடுகிறார். மனப்போராட்டம் விரித்துரைக்கப்படவில்லை, அந்தச் சகோதரியின் முகமும் நமக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. இலக்கிய நோக்கில் இதைக் குறையெனச் சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. நாள் குறித்து, பணம் சேர்த்து, பல கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பது வசதியுள்ளோரின் வழக்கம். இல்லாதோர்க்குக் கதவு சிறிது நேரமே திறந்திருக்கிறது. அதற்குள் நுழைந்தாக வேண்டும். அவர்களது கடைசி நேர முடிவை அவசரபுத்தி என்று இகழ்வது அறியாமை. வாழ்வில் நிகழ்ந்த அதே விரைவு நூலின் நடையிலும் இருப்பதே இப்பகுதியின் உண்மை.

கதவு திறந்ததோடு துன்பம் தீரவுமில்லை. கல்லூரி விழாவொன்றிற்கு உடுத்த நல்ல சேலையில்லாமல், விழா முடியும்வரை குளியலறைக்குள் ஒளிந்திருந்து அழுகிறாள். தம்பி தங்கையரின் புதுநன்மைக்கு ஊர் செல்ல விடுப்புக் கேட்டபோது, அவள் சாதியாருக்கு அதில் என்ன கொண்டாட்டம் என்னும் பொருள்பட வினவுகின்றனர் பொறுப்பிலிருந்தோர். வாதாடியே அவள் அனுமதி பெறுகிறாள். நற்கருணையின் பந்தியில் சாதி நுழைந்த இவ்விடத்தை வாசிக்கும்போது நம் மனச்சான்று உறுத்த வேண்டும்.

விட்ட படிப்பை மீண்டும் தொடர்வது நம் மரபுக்குப் புதிதன்று. 1524ஆம் ஆண்டு, தம் 33ஆம் அகவையில், புனித இஞ்ஞாசியார் பார்சிலோனாவில் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். இசபெல் ரோசெர் அம்மையார் அவரை ஆதரித்தார். ஆர்தேவோல் என்னும் ஆசிரியர் கட்டணமின்றிக் கற்பித்தார். புனிதரின் மனவுறுதியை நாம் மறையுரைகளில் போற்றுகிறோம். அவருக்குக் கதவைத் திறந்த இருவரை மறந்துவிடுகிறோம். ‘கருக்கு’ நூலை வாசிப்போர், அதில் வரும் அருட்சகோதரியையும் அவ்வாறே மறந்துவிடுகின்றனர். ஒரே திருச்சபையின் இரு முகங்களையும் இந்நூல் காட்டுகிறது. ஒன்றை மட்டும் கண்டு, ‘இது எதிரியின் நூல்’ என ஒதுக்குவது நேர்மையான வாசிப்பாகாது.

ஜீவா 1907ஆம் ஆண்டு பிறந்த பூதப்பாண்டியிலிருந்து இதனை எழுதுகிறேன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு பெற்றுத் தமிழகத்தில் முதலிடத்தில் நின்றது நம் குமரி மாவட்டம். ஆகவே இந்நூல் நமக்குரியதன்று என எண்ணத் தோன்றலாம். அந்த எண்ணிக்கை எழுதப் படிக்கத் தெரிந்தோரைக் கணக்கிடும். மேற்படிப்பின் வாயில்வரை வந்து திரும்பியோரைக் கணக்கிடாது. அவர்களைக் கணக்கிட வேண்டியவை நம் பங்குகளும் அன்பியங்களுமே.

இந்நூலின் சில தீர்ப்புகள் கடுமையானவை. எல்லாவற்றையும் ஏற்க வேண்டுமென்று நான் கூறவில்லை. ஆயினும் துறவற இல்லத்தை விட்டு வெளியேறிய அப்பெண், பின்னர் ஆசிரியப் பணியாற்றியதும் எழுத்தாளராக நிமிர்ந்ததும் அன்று தொடர்ந்த கல்வியால்தான். அந்நாளில் அடகுக்குப் போனது ஏழைப் பெண்ணின் கம்மல். நம் நிறுவனங்களின் உண்டியல் திறக்கவில்லை. வாசகப் பெருமக்கள் ‘கருக்கு’ நூலை ஒருமுறை முழுமையாக வாசிக்க வேண்டுகிறேன். அடுத்த சூன் மாதம், சேர்க்கையின் கடைசி நாளன்று ஓர் ஏழை மாணவி நம் வாயிலில் வந்து நின்றால், ‘இவ்வளவு தாமதமாகவா வருவது?’ என்று கேட்குமுன் அந்தக் கம்மல் நம் நினைவுக்கு வரட்டும்.