பத்தாம் வகுப்பில் முடிந்துபோகும் தேர்வு

மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் தமிழகத்தில் உயர்கல்வி வழிகாட்டல் சீசன் களைகட்டிவிடும். அரசு தன் பங்குக்கு 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 2022இல் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியைத் தொடங்கியது. எந்தப் படிப்புக்கு என்ன தகுதி, கட்டணத்துக்கு என்ன வழி என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் சொல்லித் தருகிறார்கள்.

இதன் பயன் சிறிதல்ல. நுழைவுத் தேர்வு 2007இல் போன பிறகு பொறியியல் சேர்க்கை 200க்கான கட்-ஆஃபை நம்பி நடக்கிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணக்கு எளிது. சிக்கல், கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில். கணினி பட்டியலை மேலிருந்துதான் படிக்கும்; சுமாரான கல்லூரியை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால், கீழே எழுதிய நல்ல கல்லூரியை எட்டிக்கூடப் பார்க்காது. நல்ல மதிப்பெண்ணையும் இப்படிக் கோட்டைவிடலாம். வீட்டின் முதல் பட்டதாரிக்கு இதைச் சொல்ல அக்காவோ சித்தப்பாவோ இருக்கமாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, அதில் பொறியியல் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டும் என்ற தகவல் பல தகப்பன்மார்களின் பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

தனியார் கல்விக் கண்காட்சிகளின் கதை வேறு. மேடையில் ஆலோசனை, வாசலில் கல்லூரிகளின் ஸ்டால். வாடகை கொடுக்கும் கல்லூரியைத் தவிர்க்கச் சொல்லி அங்கே யார் பேசுவார்கள்?

ஆனால் பெரிய குறை காலத்தில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர் முன்னால் விரியும் வழிகளில் பல, பிளஸ் ஒன்னில் குரூப் எடுத்த அன்றே அடைபட்டிருக்கும். உயிரியல் படிக்காதவருக்கு மருத்துவம் எளிதில் கிடையாது. கணிதத்தை விட்டவருக்குப் பொறியியலும் அநேகமாக இல்லை. அந்த முடிவை எடுப்பது 15 வயதுப் பிள்ளை. பல நேரம் பிள்ளைகூட அல்ல, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் பள்ளியில் இருக்கும் பிரிவுகளும்தான். அறிவியல் பிரிவே இல்லாத பள்ளியில் 'விருப்பம் என்ன' என்று கேட்பதில் பொருளில்லை.

கீழ் வகுப்புகளுக்கான வழிகாட்டலும் 'நான் முதல்வன்' திட்டத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பாடத்தை முடிக்கவே திணறும் ஆசிரியரிடம்தான் அந்தப் பொறுப்பும் போகிறது. மேடையும் மைக்கும் பிளஸ் டூவுக்கே கிடைக்கின்றன.

விளைவாக, வணிகவியல் பிரிவினரும் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேரலாம் என்பது அந்தக் குரூப் எடுப்பவருக்கே தெரிவதில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்; கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளைக்கு அது நல்ல வழி. பிளஸ் டூ முடித்தவர்கள் கூடும் மண்டபத்தில் அதை விளக்கி என்ன பயன்? அதைக் கேட்க வேண்டிய பிள்ளையும் பெற்றோரும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, தலைமையாசிரியர் அறையில் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.