தொடாமற் சுழல்வது

பதுளையிலிருந்து புறப்பட்ட புகையிரதம் ஹாலிஎல நிலையத்தை விட்டுத் தெமோதரைப் பக்கமாக ஏற்றம் பிடிக்கும்போது, எஞ்சினின் கனத்த முழக்கத்துக்கு அடியில், செவியைக் கூர்மையாக்கிக் கொள்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படியாக, மெல்லிய ஓர் ஊளைநாதம் ஒலித்துக்கொண்டிருக்கும். எரிபொருள் வெடிக்கும் ஓசையன்று அது. வெடிப்பதற்கு வேண்டிய காற்றை உள்ளே தள்ளுகிற கருவியின் ஓசை. சூப்பர்சார்ஜர் என்று மோட்டார் ரசிகர்கள் வியந்து பேசும் அந்தக் கருவியை, 1929-ஆம் ஆண்டின் பென்ட்லி பந்தயக் கார்களின் முகப்பிலே படத்தில் கண்டு பரவசமடைகிறவர்கள் உண்டு. ஊவாத் தோட்டத்தாருக்கோ அதன் நாதம் லயத்து வாசலிலிருந்தே கேட்கக்கூடிய சங்கதி; நித்தியமும் கேட்பதனாலேயே நாம் அதைக் கவனியாது விட்டோம் போலும்.

1954-ஆம் ஆண்டு கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நமக்களித்த எம்2 வகை எஞ்சின்கள், ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உருவானவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களையே தாங்கி வந்தவை. மலைநாட்டுப் பாதையில் நெடுங்காலமாக உழைத்துவரும் எம்6 வகை, 1979-இல் மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்ததாயினும், அதன் இருதயமும் அதே குலத்தைச் சேர்ந்த டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினே. இக்குலத்து எஞ்சினுக்குத் தானாகக் காற்றை உறிஞ்சும் சக்தி கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கிச் சிலிண்டர்ச் சுவரின் துவாரங்கள் திறக்கும் அந்த இமைப்பொழுதுக்குள், புதுக்காற்று பாய்ந்து பழைய புகையை மேல் வால்வுகள் வழியே விரட்டியாக வேண்டும். காரிலே புளோவர் என்னும் இந்தக் காற்றூதி பழுதுபட்டால் வேகம் குறையும், வண்டி எப்படியோ வீடு வந்து சேரும். இங்கே அது நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். மேலும், பட்டிப்பொலைக்கருகே 1,898 மீற்றர் உயரத்தில் பாதை உச்சியைத் தொடும்போது, காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே கொள்ளளவையே தள்ளும் கருவி அங்கே எடை குறைந்த காற்றையே தள்ளுகிறபடியால், சமவெளியில் பொருட்படுத்தாத சிறு கசிவும் மலையில் நன்றாக உறைக்கும்.

இக்கருவியின் பூர்வோத்தரம் விசித்திரமானது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கம்பளி ஆலை நடத்திய ரூட்ஸ் சகோதரர்கள், நீரால் சுழலும் சக்கரம் ஒன்றைச் சீர்செய்யப் புகுந்து, அது நீரைவிடக் காற்றைத் தள்ளுவதற்கே உகந்ததெனக் கண்டு, 1860-இல் காப்புரிமை பெற்றார்கள். உலைகளுக்குக் காற்றூதிய அக்கருவியை எஞ்சினுக்குப் பூட்டும் யோசனைக்கு 1900-இல் உரிமை பெற்றவர் டைம்லர். உள்ளே பார்த்தால் இரண்டே இரண்டு சுழலிகள்; நமது எஞ்சின்களில் அவை மும்மூன்று இதழ்களாகப் பிரிந்து முறுக்கேறிய அலுமினிய உருவங்கள். ஒன்றன் பள்ளத்தில் மற்றதன் மேடு புகுந்து புறப்பட்டாலும் ஒன்றையொன்று தீண்டுவதில்லை, உறையையும் தீண்டுவதில்லை. தீண்டாதபடியால் அந்த அறையில் ஒயிலுக்கு வேலையில்லை. இரண்டுக்குமிடையே அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கேயான இந்த இடைவெளி கூடினால் காற்று பின்னே கசியும். குறைந்தால் சூட்டில் விரிந்த அலுமினியம் அலுமினியத்தைச் சுரண்டும். ஆகவே, பழைய புளோவரைப் புதுப்பிக்கும் தொழிலாளி உண்மையில் செய்துகொடுப்பது உலோகத்தையன்று, அந்த இடைவெளியையே என்பது என் துணிபு.

கைதேர்ந்த பாஸ் ஒருவர் புளோவரைக் கழற்றியதும் கழுவத் துணியைத் தேடமாட்டார். முதலில் கையால் சுழற்றிப் பார்ப்பார், பிறகு வெளிச்சத்தில் வைத்து உராய்வுக் குறிகளைத் தேடுவார். இதழோடு இதழ் உரசியிருந்தால் சுழலிகளை இணைத்துச் சுழற்றும் பல்சக்கரங்கள் தேய்ந்தன என்பதும், இதழ் உறையில் உரசியிருந்தால் பெயாரிங் தளர்ந்தது என்பதும், ஓரத் தகட்டில் வட்டக்கோடு விழுந்திருந்தால் சுழலி நீளவாக்கில் நகர்ந்தது என்பதும் அவருக்கு உடனே விளங்கும். இதழ்கள் ஒயிலில் நனைந்திருந்தால் சீல் போயிற்று. அதை அலட்சியம் செய்தால், டீசல் எஞ்சின் தன் சொந்த ஒயிலையே எரித்துக்கொண்டு அடக்கமின்றி ஓடத் தலைப்படும். முதலிலேயே கழுவிவிட்டால் இந்தச் சாட்சியங்களிற் பாதி மறைந்துபோகும்.

உதிரிப்பாகப் பஞ்சம் இத்தேசத்துக்குப் புதிதன்று. 1970-களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டையும், 2022-இல் அந்நியச் செலாவணி வற்றியதையும் கண்ட தலைமுறைகள் நாம். பஞ்சத்திலே நல்ல தொழிலாளி அறிவது, எதை வாங்கலாம், எதை ஆக்கலாம், எதை இழக்கவே கூடாது என்ற தாரதம்மியம். பெயாரிங்கின் மேல் பொறித்த இலக்கத்தைக் கொண்டு கடையில் அதற்கிணையானதைத் தேடலாம். சீலின் உள்ளளவும் வெளியளவும் தெரிந்தால் வேறு யந்திரத்தின் சீலைப் பொருத்தலாம். சீல் உட்காரும் இடத்தில் தண்டு தேய்ந்திருந்தால் குரோம் ஏற்றிச் சாணை பிடிக்கலாம், அல்லது லேத்தில் கடைந்த வளையம் ஒன்றை இறுக்கலாம். பல்சக்கரங்களை மட்டும் சோடியாகவே பாதுகாக்க வேண்டும். ஒன்றைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் இசையாது. சுழலியில் பிசிறு தட்டினால் நேர்த்தியான அரத்தால் வருடலாமே தவிர, வெல்டிங் செய்யப் புகுந்தால் அது கோணிப்போகும் அபாயம் உண்டு.

ஆயினும் கலையின் சிகரம் சுழலிகளின் நேரம் சேர்ப்பதில், அதாவது இதழ்களுக்கிடையிலான இடைவெளியை ஒழுங்குசெய்வதில், இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 71 வரிசை லொறி எஞ்சின் புளோவரை உதாரணமாகச் சொல்லலாம். அதன் பல்சக்கரங்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஆதலால் சக்கரத்தின் பின்னே ஒரு மெல்லிய தகட்டைச் செருகினால், சக்கரம் முன்னே நகர்ந்து, நகர்ந்த சாய்வுக்கேற்பச் சுழலியும் சற்றே திரும்பும். அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு கனமுள்ள தகடு சுழலியை ஆயிரத்தில் ஒரு பங்கு திருப்பும். இடைவெளி அளக்கும் பீலர் கேஜை இதழ்களுக்கிடையே நீளமெங்கும் நுழைத்து, ஒருபுறம் அளந்து, மறுபுறம் அளந்து, தகடு மாற்றி, மறுபடியும் கழற்றிப் பூட்டும் இவ்வேலையில் அவசரக்காரனுக்கு இடமில்லை. இரு புறமும் சமமாகப் பிரித்துவிட்டால் போதும் என்று நினைப்பவன் கற்றுக்குட்டி. காற்றைத் தள்ளும் சுமையில் பற்கள் எந்தப் பக்கம் சாயும் என்பதை அறிந்து, குளிர்ந்த நிலையிலேயே அதற்கு விட்டுக்கொடுத்து வைப்பவன்தான் நிபுணன். தேயிலைத் தொழிற்சாலையில் கடிகாரத்தை நம்பாமல் கொழுந்தின் வாசனையை முகர்ந்து புளிப்பை நிறுத்தும் டீமேக்கரின் ஞானத்துக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

புதுப்பித்த புளோவரின் மேலுறையை மெருகேற்றி மின்னச் செய்து மகிழ்கிறவர்களை நான் குறை கூறவில்லை. கண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் ரசிகன் கேட்க வேண்டியவை, கையால் சுழற்றினால் தடங்கலின்றிச் சுழல்கிறதா, இதழ்கள் உலர்ந்திருக்கின்றனவா, அளவுகள் எழுதி வைக்கப்பட்டனவா என்ற மூன்றுமே. மூன்றாவது கேள்விக்குத்தான் நம்மிடையே பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. பாஸ் ஓய்வு பெறும்போது அளவுகளும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. பழைய லொறியோ எஞ்சினோ வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: ஒவ்வொரு பூட்டலிலும் கிடைத்த அளவுகளைக் கொப்பியில் குறித்து வையுங்கள், சீலும் பெயாரிங்கும் போனால் போகட்டும், உறையையும் சுழலிகளையும் பல்சக்கரச் சோடியையும் மட்டும் பழைய இரும்பு வியாபாரியிடம் எடைக்குப் போடாதீர்கள். அவை மூன்றும் இருக்கும்வரை எந்தப் புளோவரும் மீளத்தக்கதே.