பூட்டுக் காணாத வீடு

திண்டுக்கல்லில் நண்பர்கள் நால்வர் மாதமொரு பழைய திரைப்படத்தைத் தேர்ந்து பார்த்து உரையாடி வருகிறோம். இம்முறை ஒருவர், பாடல்களே இல்லாத 'அந்த நாள்' (1954) வேண்டுமென்றார். அதன் புகழ் முன்பே நிலைபெற்றது. நானோ பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தை வற்புறுத்தினேன். இதிலும் பாடல் இல்லை. தேசிய விருதுகள் பெற்றும் எங்களுள் இருவர் பார்த்திராதது.

சொக்கலிங்க பாகவதர் ஏற்ற முதியவர், கட்டி முடியாத வீட்டைத் தனியே காணச் சென்று, சுவரைத் தடவித் தடவி மகிழ்கிறார். பின்னர் இறந்துபோகிறார். மிகையுணர்ச்சி என்றார் ஒருவர். நான் உடன்படவில்லை, அம்முகத்தில் இரக்கம் தேடும் சாயலே கிடையாது. பூட்டுத் தொழிலில் ஓய்வுபெற்ற நண்பர் மட்டும் பேசவில்லை. விடைபெறும்போது, "சாமி, அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லையே" என்றார். கடன் வாங்கிக் கட்டிய அவருடைய வீடு இன்னும் பூசப்படாமல் நிற்கிறது.