கான்சாகிபின் பூர்விகம்: சான்றுகளும் விருப்பங்களும்

மதுரையில் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட முகம்மது யூசுப்கானின் மரணத்தை நாள் பிசகாமல் கூற முடிகிறது. அவரது பிறப்பைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை. இந்த இடைவெளியை நம் எழுத்தாளர்கள் எவ்வாறு நிரப்பியுள்ளனர் என்பது ஆராயத்தக்கது.

அவர் இராமநாதபுரச் சீமையின் பனையூரில் வேளாளர் குடியில் பிறந்தார், இளமையில் வீட்டைவிட்டு வெளியேறினார், ஐரோப்பியரிடம் பணிபுரிந்தார், இஸ்லாத்தைத் தழுவினார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இதற்கு எஸ். சி. ஹில் 1914இல் வெளியிட்ட ஆங்கில நூலையே பலரும் ஆதாரமாகக் காட்டுகின்றனர். கும்பெனி ஆவணங்களை உழைத்துத் திரட்டிய அந்நூலின் பெருமை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ஆனால் அதன் எல்லாப் பக்கங்களும் ஒரே தரத்தன அல்ல. 1755இன் திருநெல்வேலிப் படையெடுப்பு, 1758–59இன் சென்னை முற்றுகை, 1763–64இன் மதுரைப் போர் ஆகியவற்றைக் கூறுமிடத்து ஹில் சமகாலக் கடிதங்களின் மீது நிற்கிறார். பிறப்பைக் கூறுமிடத்தோ, கான்சாகிபு மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னர் எழுதியவராக, மரபுச் செய்திகளின் மீது நிற்கிறார். இவ்வேறுபாட்டைக் கவனியாமல் இரண்டையும் ஒரே உறுதியுடன் எடுத்தாள்வது பிழை.

சமகால வரலாற்றாசிரியரான ராபர்ட் ஓர்ம் அவரை ஒரு படைத்தலைவராகவே அறிவார். கும்பெனிக்குத் தேவைப்பட்டது சிப்பாயின் வாள். அவனுடைய தாய் தந்தையர் அல்லர். 'நெல்லூர் சுபேதார்' என அவருக்கு வழங்கிய பெயரும் பணியிடத்தைக் குறிக்கலாமேயன்றிப் பிறந்த ஊரைக் காட்டுவதாகாது. நா. வானமாமலை பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' கதைப்பாடலோ மக்கள் மனத்தில் அவர் பெற்ற இடத்திற்குச் சான்று. அதனைப் பிறப்புப் பதிவேடாகக் கொள்ளுதல் பாடலுக்கும் நீதி ஆகாது.

நபிமொழிக் கலையில் நம் முன்னோர் வகுத்த முறை இங்கே பயன்படும். செய்தியின் இனிமையை அன்று, அதனைச் சொன்னவர் யார், யாரிடமிருந்து கேட்டார் என்பதையே அவர்கள் முதலில் வினவினர். அவ்வினாவை எழுப்பினால் பனையூர் மரபு பொய்யென்று ஆகிவிடாது. அறிவிப்பாளர் தொடர் அறுந்த செய்தி என்ற அளவில் நிற்கும். மனைவி மாசாவும் இளம் மகனும் பின்னர் என்ன ஆனார்கள் என்பதற்கும், அவர் வழிவந்தோம் என உரிமை கோரும் குடும்பங்களின் வாய்மொழிக்கும் இதே அளவுகோலே பொருந்தும்.

இவ்வளவு ஐயத்திற்கிடையிலும் அவரை ஒரு குறிப்பிட்ட சாதியில் அமர்த்துவதற்கு ஏன் இத்தனை அவசரம்? உயர்குடிப் பிறப்பை நிறுவினால் வீரத்திற்கு மதிப்புக் கூடும் என்ற எண்ணமே இதில் ஒளிந்திருக்கிறது. அரபுநாட்டு வமிசாவளி தேடும் நம்மவரிடமும் இக்குறை உண்டு. 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் இப்னு கல்தூன், வமிசம் என்பது பெரிதும் கற்பிதம், அது உண்டாக்கும் பிணைப்பே அதன் பயன் என்று வாதிட்டார். குலங்கள் ஒருவரையொருவர் அறிவதற்கே, மேன்மை இறையச்சத்தில் என்பது திருமறை காட்டும் நெறி.

மதுரையின் கான்சாமேட்டுத் தெருவும் சம்மட்டிபுரத்து அடக்கவிடமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இனி அவர் வரலாற்றை எழுதுவோர், பனையூர்ச் செய்தியை 'மரபு கூறுகிறது' என்ற அடைமொழியுடன் எழுதட்டும். அதனால் அவர் புகழ் குறையாது. நம் எழுத்தின் நாணயம் கூடும்.