கறுப்புத் திரையில் கோப்பு அனுப்புதல்: மூன்று மென்பொருள்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. எல்லாரும் டிக்டாக் போனதைப் பற்றித்தான் பேசினாங்க. ஷேர்இட், ஜெண்டர் இரண்டும் அதே பட்டியலில் போனதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நம்ம ஊர் செல்போன் கடைகளில் படமும் பாட்டும் கைமாறியது பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான். போனதில் எனக்கு வருத்தமில்லை; ஒரே விளம்பரக் குப்பை. அந்த இடத்துக்கு லினக்ஸ் முனையத்தில் என்ன இருக்கிறது என்பதே இந்தக் குறிப்பு.

ரமணாசிரமம் பகுதியில் தங்கி வேலை செய்பவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. போனில் எடுத்த பழைய புத்தகப் பக்கங்கள் மடிக்கணினிக்குப் போகணும். விடுதி வைஃபையில் பல இடங்களில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு போட்டிருப்பார்கள் (பாதுகாப்புக்கு அது சரிதான்). தீபத்தன்று செங்கம் சாலையில் இணையம் படுத்துவிடும். ஆகவே என் முதல் கேள்வி: இணையமே இல்லாமல் இது ஓடுமா?

கேடிஇ கனெக்ட் ஓடும். 2013-இல் கூகுள் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் பிறந்தது. ஆப்ட் வழியாக ஒரே வரியில் நிறுவலாம். கணினியைப் புதுப்பிக்கும்போது கூடவே இதுவும் புதுப்பிக்கப்படும். விடுதி வைஃபை தடுத்தால் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கணினியை அதில் இணைத்தால் போதும். ஃபயர்வால் இருந்தால் 1714 முதல் 1764 வரையிலான போர்ட்களை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறக்கணும். பலர் யுடிபியை விட்டுவிட்டு "போன் தெரியவே இல்லை" என்கிறார்கள். குறை என்னவென்றால், கட்டளை வரி இதற்கு ஒட்டுத்திண்ணை மாதிரி. பின்னணியில் டெஸ்க்டாப் சேவை ஓடினால்தான் கட்டளை வேலை செய்யும்; திரையில்லாத சர்வரில் பெரும்பாடு.

க்ராக் அங்கே ஜெயிக்கிறது. அதே வலையில் இருந்தால் எதிராளியைத் தானே தேடும், இல்லாவிட்டால் இடைநிலை சர்வர் வழியாகப் போகும். ஆனால் அதன் பக்கம் முன்னால் நீட்டும் நிறுவல் முறை எனக்கு ஒவ்வாது: ஒரு ஸ்கிரிப்டை கர்லில் இறக்கி, படிக்காமலேயே பாஷுக்குள் ஊற்றச் சொல்கிறது. பிறகு அதைப் புதுப்பிப்பது, நீக்குவது எல்லாம் உங்கள் பொறுப்பு. பேக்மேன், புரூ போன்றவற்றில் கிடைக்கிறது, அதையே எடுங்க. ரகசியச் சொல்லைக் கட்டளையிலேயே எழுதினால் அதே கணினியின் பிற பயனர்கள் பிஎஸ் கட்டளையில் பார்த்துவிடலாம் என்பது 2023-இல் வெளிவந்தது. இப்போது லினக்ஸில் அதைச் சூழல் மாறி வழியாகத் தரச் சொல்கிறார்கள். தட்டச்சு கூடியது என்று திட்டுபவர்களோடு நான் சேரமாட்டேன்.

மேஜிக்-வார்ம்ஹோல்தான் மூன்றில் அழகான சிந்தனை. ஒரு எண், இரண்டு சொற்கள். எதிராளியிடம் போனில் சொன்னால் போதும். 256 சொற்கள் கொண்ட இரண்டு பட்டியல்கள், ஆக 65,536 வாய்ப்புகள். ஊகிப்பவனுக்கு ஒரே முயற்சிதான். தவறினால் பரிமாற்றம் முறிந்து அனுப்புபவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் முதல் சந்திப்புக்கு இணைய சர்வர் வேண்டும். தீபத்தன்று உதவாது.

அதைவிட என்னை உறுத்துவது அந்தச் சொற்கள். 1995-இல் பில் சிம்மர்மனும் பேட்ரிக் ஜுவோலாவும் போனில் தெளிவாகக் கேட்கும்படி தொகுத்த பிஜிபி பட்டியல் அது. யார் காதுக்குத் தெளிவு? ஆங்கிலக் காதுக்கு. 'க்ராஸ்ஓவர்', 'க்ளாக்வொர்க்' என்று ஊரிலுள்ள பெரியப்பாவிடம் சொல்லி, அவர் எழுத்துக்கூட்டி அடிப்பதற்குள் பஸ் ஏறி நேரில் கொடுத்துவிடலாம். சொந்தச் சொல் வைக்க வழி உண்டு. ஆனால் இந்த ஊரில் 'அருணாசலா' என்று வைத்தால் அந்த ஒரே முயற்சியிலேயே எவனும் கண்டுபிடித்துவிடுவான். யாழ், குடை, ஆணி, பூசணி என்று ஒன்றோடொன்று குழம்பாத 256 தமிழ்ச் சொற்களை ஒலியியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து தொகுத்தால் என்ன? நிரல் எழுதுவதைவிட அதுதான் கடினமான வேலை, ல-ள-ழ மூன்றையும் ஒரே மாதிரி சொல்லும் நம்ம பேச்சை வைத்துக்கொண்டு.