பெயர் பொறித்த கல்லும் பெயரில்லாக் கல்லும்: சயாம் மரண இரயில்பாதை நினைவிடங்களில் தமிழ்த் தொழிலாளர்

முன்னுரை

இரண்டாம் உலகப் போரின்போது சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியப் படை அமைத்த 415 கிலோமீட்டர் இரயில்பாதை, 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிவுற்றது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலாயா, பர்மா, சாவகம் முதலிய நிலப்பகுதிகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டவர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர் என்றும் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பான்மையர் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்.

இவ்விரு தொகுதி எண்களும் ஒரே தன்மையன அல்ல. கைதிகளின் இறப்பு எண்ணிக் கணக்கிடப்பட்டது. தொழிலாளரின் இறப்பு மதிப்பிடப்பட்டது. எண்ணப்பட்டவர்க்கும் மதிப்பிடப்பட்டவர்க்கும் இடையிலான இந்த வேறுபாடு பின்னர் எழுந்த நினைவுச்சின்னங்களில் எவ்வாறு கல்லாக நிலைபெற்றது என்பதையும், அண்மையில் நாட்டப்பெற்ற 'நடுகல்' அதனை எந்த அளவிற்கு மாற்றியுள்ளது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

காஞ்சனபுரியின் கற்கள்

தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில், முதன்மைச் சாலையை ஒட்டிப் போர்க்கல்லறைத் தோட்டம் அமைந்துள்ளது. அதில் 6,982 கல்லறைகள் உள்ளன. காமன்வெல்த் நாட்டவர்க்கும் டச்சுக்காரர்க்கும் உரியவை அவை. சற்றுத் தொலைவில் ஆற்றங்கரையில் சுங்காய்க் கல்லறைத் தோட்டமும், பாதையின் பர்மிய முனையில் தான்பியூசாயாட் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. மலையைக் குடைந்து பாதை வெட்டிய ஹெல்ஃபயர் கணவாயில் ஆஸ்திரேலிய அரசு 1998இல் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. இவை அனைத்தும் நன்கு பேணப்படுகின்றன. அவற்றின் புல்வெளியிலும் மலர்ப்பாத்திகளிலும் குறை காண எவர்க்கும் மனம் வராது.

நகரின் மற்றோர் அருங்காட்சியகத்தின் பெயர் தனியே நோக்கத்தக்கது. 1977இல் ஒரு பௌத்த மடத்தின் வளாகத்தில் தொடங்கப்பெற்ற அதற்கு 'ஜீத்' என்று பெயர். சப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஆலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து உண்டாக்கிய சொல் அது. அமெரிக்காவையும் அதே எழுத்தில் அடக்குவர். மலாயா இல்லை, பர்மா இல்லை, சாவகம் இல்லை, இந்தியாவும் இல்லை. மிகுதியான உயிர்களைக் கொடுத்த நிலங்கள் அந்த எழுத்துக்கோவையில் ஓர் எழுத்தைக்கூடப் பெறவில்லை. இதனைத் திட்டமிட்ட புறக்கணிப்பு என்று கொள்ள வேண்டியதில்லை. போரை நாடுகளுக்கிடையிலான நிகழ்வாக மட்டும் காணும் பார்வையில், நாடற்ற கூலி இயல்பாகவே விடுபட்டுப்போகிறான். அவ்வியல்புதான் இங்கு ஆராயத்தக்கது.

கல்லறைத் தோட்டங்களைப் பேணும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் முதல் உலகப் போரின்போது தோன்றியது. இறந்தோர் ஒவ்வொருவரும் தனித்தனியே பெயர் சொல்லி நினைக்கப்பட வேண்டும், தகுதி வேறுபாடு கூடாது என்பன அதன் அடிப்படைக் கோட்பாடுகள். தளபதிக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் ஒரே அளவிலான கல் என்ற அந்நெறி அக்காலத்தில் புரட்சிகரமானது. ஆயினும் அச்சமத்துவம் சீருடையின் எல்லையோடு நின்றுவிட்டது. 1945இல் போர் முடிந்த சில வாரங்களிலேயே கல்லறைகளைத் தேடும் குழு ஒன்று பாதை நெடுகச் சென்று 10,000க்கும் மேற்பட்ட புதைகுழிகளை அடையாளம் கண்டது. முகாம்களில் கைதிகள் மறைத்து வைத்த இறப்புப் பட்டியல்களும் வரைபடங்களும் அதற்குத் துணைநின்றன. தொழிலாளர் முகாம்களில் அத்தகைய பட்டியல் எழுத அதிகாரியும் இல்லை. எழுதியிருந்தாலும் அதனைக் கேட்டு வாங்கும் கடப்பாடுடைய அரசும் இல்லை.

உடல் கிடைக்கவில்லை, குழி தெரியவில்லை என்பது பெயரின்மைக்குக் காரணமாகுமா? காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டமே இதற்கு விடை தருகிறது. அங்குள்ள இரு குழிகளில், நியேக்கே முகாமில் காலராவால் மாண்டு எரியூட்டப்பட்ட 300 பேரின் சாம்பல் அடங்கியுள்ளது. அவர்களைத் தனித்தனியே பிரிக்க இயலாது. ஆகவே அவர்தம் பெயர்கள் அருகிலுள்ள மண்டபத்தின் பலகைகளில் பொறிக்கப்பட்டன. தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் அடக்கம் செய்யப்பட்டு, குழிகளைப் பேண முடியாமற்போன இந்தியப் படையினர் 11 பேரின் பெயர்களும் அத்தோட்டத்தில் எழுதப்பெற்றுள்ளன. இந்தியராய் இருப்பதோ கல்லறை இல்லாதிருப்பதோ அங்குப் பெயர் பெறத் தடையாகவில்லை. ஒருவர் எந்தப் பதிவேட்டில் இருந்தார் என்பதே அங்குப் பெயர் பெறுவதைத் தீர்மானித்தது.

பதிவேடு இல்லாமலும் இல்லை. தோட்டங்களில் ஒவ்வொரு நாளும் விடியலில் பிரட்டுக்கு நின்ற தொழிலாளரின் பெயர்கள் செக்ரோலில் ஏறின. கூலியைக் கணக்கிட எழுதிய அப்பெயர்களை இறப்பைக் கணக்கிடப் பயன்படுத்த வேண்டும் என்று போருக்குப்பின் திரும்பிய காலனிய ஆட்சி கருதவில்லை.

கூலியா, அடிமையா?

1943 மே மாதத்தில் மலாயாவின் செய்தித்தாள்களில் ஆள்சேர்ப்பு விளம்பரங்கள் வெளிவந்தன. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, இலவச உணவு, உறையுள், மருத்துவம் என்பன அவற்றின் வாக்குறுதிகள். எதிர்பார்த்த அளவில் ஆள் சேராதபோது தோட்டங்களிலிருந்து வலிந்து கொண்டுசெல்லல் தொடங்கியது. தொழிலாளர் முகாம்களில் காலராவும் மலேரியாவும் பரவிய நிலையில், கைதிகளுள் மருத்துவம் அறிந்தோரைத் திரட்டிக் 'கே', 'எல்' என்னும் இரு அணிகளாக 1943இல் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆயினும் தொடக்கத்தில் இருந்த அந்த 'ஒரு வெள்ளி'யே பிற்காலத்தில் இவர்களுக்கு எதிரான சான்றாக மாறியது எனலாம். போர்க்கைதிக்குச் சட்டம் வகுத்த ஒரு நிலை உண்டு. கூலிக்குச் சென்றவனோ விரும்பிச் சென்றவன் எனக் கருதப்பட்டான். 1951ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ அமைதி உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, சப்பானிடமிருந்து பெறப்படும் தொகையைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே முன்னாள் போர்க்கைதிகளுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வழங்க வகைசெய்தது. தொழிலாளர் அப்பிரிவில் இடம்பெறவில்லை. இழப்பீட்டுத் தாளில் வரையப்பட்ட கோடும் கல்லறைத் தோட்டத்தின் வேலியும் ஒரே கோடுதான்.

தமிழ் எழுத்து ஏறிய முதற்கல்

பாலத்திற்கு அருகில் 1944இல் சப்பானிய இரயில்படையினரே ஒரு நினைவுத்தூணை எழுப்பினர். பாதைப் பணியில் இறந்தோரின் ஆன்ம அமைதிக்கெனப் பல மொழிகளில் பலகைகள் பதிக்கப்பட்ட அதில் தமிழும் ஒன்று. நேசநாடுகளின் கல்லறைத் தோட்டங்களில் இடம்பெறாத தமிழ்த் தொழிலாளரை அவர்தம் மொழியில் விளித்த முதற்கல், அவர்களை வதைத்துக் கொன்றவர்களின் கை நாட்டியதாக இருப்பது வரலாற்றின் விந்தை. இக்கல்லைப் பாசாங்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. சான்று என்ற வகையில் அது ஒதுக்கத்தக்கதன்று. எம்மொழியினர் அங்கு மாண்டனர் என்பதற்கு அக்காலத்திலேயே எழுதப்பட்ட வாக்குமூலம் அது. ஆனால் இறந்தோரின் அமைதியை வேண்டும் கல், இறப்பின் காரணத்தைப் பேசாது. செயப்பாட்டு வினையைக்கூடத் தவிர்த்து, நோயில் இறந்தாற்போல 'இறந்தனர்' என்பதோடு அமையும் நினைவுமரபு அது.

1990இல் காஞ்சனபுரியில் கரும்புக் காட்டின் அடியில் ஒரு பெருங்குழி வெளிப்பட்டது. நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவற்றுட் சில, பாலத்தருகே உள்ள தனியார் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிப்பொருளாயின. ஒரே நகரில் ஒரு சாராரின் எலும்புக்கு மண்ணும் மலரும். மற்றொரு சாராரின் எலும்புக்கு நுழைவுச்சீட்டு.

'நடுகல்' என்னும் பெயர்

ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் அடக்கப்பட்ட வாட் தாவோர்ன் வராராம் மடத்து இடுகாட்டில், 2023 மே மாதத்தில், மலேசிய, தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியால் ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பெற்றது. அதற்கு 'நடுகல்' என்று பெயரிட்டனர். எண்பது ஆண்டு மௌனத்தின்பின் வந்த இக்கல்லின் தேவை ஐயத்திற்கு இடமற்றது. எனினும் பெயர்த்தேர்வு விவாதத்திற்குரியது.

தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கூறும் கல்நாட்டு முறை போரில் விழுந்த மறவனுக்குரியது. ஆநிரை மீட்டோ கவர்ந்தோ இறந்தவனின் பெயரும் பெருமையும் கல்லில் ஏறின. சயாம் சென்ற தொழிலாளி எந்தப் போரையும் தேர்ந்துகொள்ளவில்லை. அவனை வீரனாக்கும்போது அவனுக்கு இழைக்கப்பட்ட கொடுமை, அவன் விரும்பி ஏற்ற ஈகமாக உருமாறும் இடர்ப்பாடு உண்டு. ஈகிக்கு வணக்கம் போதும்; கொடுமைக்கு உள்ளானவனுக்கோ நீதி வேண்டும். மரபின் கம்பீரம் அந்த வழக்கை மூடிவிடக் கூடாது.

இதற்கு மறுப்பும் கூறலாம். தமிழர் கல்நாட்டு மரபு மறவரோடு நின்றதன்று. ஊர் காக்கப் புலியொடு பொருது மாண்டவர்க்கும் கல் உண்டு. சண்டைச் சேவலுக்கும் கல் உண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், தலைவன் வீழ்ந்தபின் கள்வரை எதிர்த்து நின்ற நாயின் உருவம் செதுக்கப்பட்டு, கோவிவன் என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆகவே மரபின் உயிர்நாடி வீரம் என்பதினும் பெயர் என்பதே பொருந்தும். 2006இல் கண்டறியப்பட்ட புலிமான்கோம்பைத் தமிழ்ப் பிராமிக் கற்களும், உருவமே இன்றிப் பெயரைத் தாங்கியே நிற்கின்றன. இவ்வளவையால் நோக்கின் காஞ்சனபுரி நடுகல்லின் குறை அதன் வீரச்சாயலில் இல்லை. பல்லாயிரவரைத் தொகையாக நினைக்கும் அதன் பெயரின்மையிலேயே உள்ளது.

இலக்கியம் காத்த இடம்

1957இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' திரைப்படம் உலகின் கண்ணில் இப்பாதையைப் பிரித்தானியக் கைதிகளின் கதையாக்கியது. படம்பிடிக்கப்பட்ட இடமோ இலங்கையின் கித்துல்கல. பாலம் நிற்கும் ஆற்றின் பெயர்கூடப் பின்னர்ப் படத்திற்கு இசையக் 'குவாய்' என மாற்றப்பட்டது. சுற்றுலாவிற்காக ஆற்றின் பெயரை மாற்ற முடிந்த உலகிற்குத் தொழிலாளரின் பெயரைத் தேட நேரமில்லாது போயிற்று.

அவ்விடத்தை நிரப்பியது மலேசியத் தமிழ் நாவல். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை கல் இல்லாத காலத்தில் கல்லின் பணியைச் செய்தன. ரெங்கசாமி தம் நாவலுக்குச் சூட்டிய தலைப்பு, கட்டப்படாத ஒன்றைச் சுட்டும் குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. ஆயினும் நாவல் படைக்கும் மாந்தர் புனைபெயரினர். அவர் வழி இறந்தவர் உணரப்படலாம், அடையாளம் காணப்பட மாட்டார். அதற்குத் தோட்டத்துச் செக்ரோல்கள், கோயில் வரிப்பதிவுகள், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கை ஏடுகள், எஞ்சியுள்ள குடும்பத்தாரின் வாய்மொழி ஆகியவற்றைத் தோட்டந்தோறும் ஒப்புநோக்கிப் பெயர்ப்பட்டியல் தொகுக்க வேண்டும். நேரில் கண்டோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். தந்தை எந்த லயத்திலிருந்து எந்த மாதம் லாரியில் ஏற்றப்பட்டார் என்று சொல்லக்கூடிய பிள்ளைகள் இன்று எண்பதைக் கடந்தவர்கள்.